என் பெயரை முதலுதவியாளராகக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா?

துவாஸ்_கணக்குப்பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 43 பேர். 25 பேருக்கு மேல் இருக்கும் வேலையிடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் மேலாளர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "நீ அமைதியான பொண்ணு" என்றார். நானும் வகுப்புக்குப் போனேன், பொம்மை மார்பை அழுத்தினேன், தேறினேன். பயிற்றுநர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டவும் செய்தார்.

போன செவ்வாய் மாலை மூன்று மணி இருக்கும். பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகை) சுற்றியிருந்த இரும்புப் பட்டையை வெட்டும்போது அது சுருண்டு தெறித்து, வேன் ஓட்டும் மலாய் அங்கிளின் முன்கையைக் கிழித்துவிட்டது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பச்சை முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடி திறக்கவில்லை. ஒருவழியாகத் திறந்து கையுறையை மாட்டினால் ஒரே விரலுக்குள் இரண்டு விரல் போய்விட்டது. கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அங்கிளின் முழங்கையிலிருந்து தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாய் கழுத்தில் கிடந்த துண்டை உருவிக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். அவரிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. பிறகு மருத்துவமனையில் ஏழு தையல். எல்லாரும் பாயைத் தட்டிக்கொடுத்தார்கள், அது நியாயம்தான். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து இன்வாய்ஸ் அடித்தேன்.

நல்ல முதலுதவியாளர் என்றால் யார்? பயிற்சியால் ஆக முடியுமா, இல்லை சிலருக்குத்தான் வருமா? பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

கிளமெண்டி_ராஜா:

உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். தைரியம் பிறவியிலேயே வர வேண்டும். ரத்தத்தைப் பார்த்துக் கை நடுங்குகிறவர் இந்தப் பொறுப்பில் இருப்பது மற்றவர்களுக்கு ஆபத்து. பாய் பெயரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கம்பிக்கட்டி:

தங்கச்சி, ராஜா சொல்றதைக் கேட்டு அவசரப்பட்டுப் பேரை எடுத்துடாதீங்க.

நான் 2007ல புதுக்கோட்டைப் பக்கமிருந்து கம்பி கட்ற வேலைக்கு வந்தவன். இப்ப சைட்ல சேஃப்டி பாக்குறேன். முதலுதவி சர்டிபிகேட் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் காலாவதி ஆகும், நான் ஆறு தடவை புதுப்பிச்சாச்சு. அதனால கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்குங்க.

தைரியத்தைப் பத்தி ஒண்ணு. நான் வந்த மூணாவது வருஷம், ஒரு பையன் பலகை வழுக்கி விழுந்தான். வெட்டிப் போட்ட கம்பித் துண்டு ஒண்ணு தொடையில ஏறிருச்சு. அவன் போட்ட சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு. எனக்குத் தாங்கல. ஓடிப் போய்க் காலை முட்டியால அழுத்திக்கிட்டு கம்பியை ஒரே இழுப்புல உருவிட்டேன். சுத்தி நின்னவனெல்லாம் "சபாஷ்டா"ன்னான். அப்புறம்தான் ரத்தம் வந்துச்சு. அதுவரைக்கும் அந்தக் கம்பியேதான் அடைப்பா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. உள்ள ஏறினதை அப்படியே விட்டுட்டு, ரெண்டு பக்கமும் துணியை அண்டக் குடுத்து, அசையாமக் கட்டி அனுப்பணும்னு ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னார். பையன் பொழைச்சுட்டான். இப்ப அறந்தாங்கியில கோழிக்கடை வச்சிருக்கான். போன் பண்ணா முதல் பேச்சே "அண்ணே, என் கம்பி எங்கண்ணே?"

அன்னைக்கு எனக்குத் தைரியத்துக்குக் குறைச்சலே இல்ல ராஜா. கொஞ்சம் பயந்திருந்தா அவன் தொடை தப்பிச்சிருக்கும்.

இப்ப உங்க விஷயம். கை நடுங்கினதை விடுங்க, எனக்கு இன்னைக்கும் நடுங்கும். நீங்க விட்ட இடம் வேற. கையுறை மாட்டி முடிக்கிற வரைக்கும் காயத்தை சும்மா விட்டீங்க பாருங்க, அதுதான். அங்கிள் முழிப்பாத்தானே இருந்தாரு? அவருக்கு இன்னொரு கை சும்மாத்தானே இருந்துச்சு? "அங்கிள், உக்காருங்க, உங்க கையாலயே இதை அமுக்கிப் பிடிங்க"ன்னு சொல்லியிருந்தா, நீங்க பத்து கையுறை கூட நிதானமா மாட்டியிருக்கலாம். கையுறை வேணும், அதை விடச் சொல்லல. ஆனா பெட்டி திறக்காம ரத்தத்தை நிறுத்த முடியாதுன்னு ஒண்ணும் இல்ல. பாயோட துண்டு அழுக்காக்கூட இருந்திருக்கும், இருந்துட்டுப் போகட்டும், அழுக்கை ஆஸ்பத்திரியில கழுவிக்குவாங்க. துணி நனைஞ்சா எடுத்துப் பாக்காதீங்க, மேல இன்னொண்ணு வச்சு அமுக்குங்க. பத்து நிமிஷம் எட்டியே பாக்கக்கூடாது. எட்டிப் பாக்காம இருக்கிறதுதான் இதுல கஷ்டமான வேலை.

நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டது என்னன்னா, இந்த வேலையில பாதி சுத்தி நிக்கிறவங்களைச் சமாளிக்கிறதுதான். நம்ம ஆளுங்க நல்லவங்க. ஒருத்தன் விழுந்தா பத்துப் பேர் ஓடி வருவான். பத்துப் பேருக்கும் பத்து வைத்தியம் தெரியும். ஒருத்தன் தண்ணி குடும்பான், ஒருத்தன் தூக்கி உக்கார வைம்பான், ஒருத்தன் தைலத்தை மூக்குல தேய்ப்பான். வகுப்புல பொம்மையைச் சுத்தி ஒருத்தரும் நிக்க மாட்டாங்க, அதான் அங்க நீங்க தேறிட்டீங்க.

போன வருஷம் ஒரு பையன், ஊரிலேருந்து வந்து நாலே நாள். புது ஆளுக்கு இந்த வெயில் பழக ஏழு நாளாவது வேணும், அதை யாரோ மறந்துட்டாங்க (என்னையும் சேர்த்துத்தான்). மத்தியானம் மூணு மணிக்கு ஸ்லாப் மேல நின்னுக்கிட்டு, "அம்மா, மாட்டை அவுத்துக் கட்டினியா?"ன்னு கேக்குறான். பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. வெறும் மயக்கம்னா உக்கார வச்சு, நிழல் காட்டி, தண்ணி குடுத்தாப் போதும். பேச்சு தடுமாறுதுன்னா சூடு மூளைக்கு ஏறிருச்சுன்னு அர்த்தம். தொட்டா உடம்பு இட்லிச் சட்டி மாதிரி இருக்கு. உக்கார வைக்கிறதுக்குள்ள சரிஞ்சுட்டான்.

ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லித்தான் வேலை குடுத்தேன். "யாராவது 995க்கு அடிங்கடா"ன்னு (அதான் ஆம்புலன்ஸ் நம்பர்) பொதுவாச் சொன்னா ஒருத்தனும் அடிக்க மாட்டான், அடுத்தவன் அடிப்பான்னு நிப்பான். நீ 995க்கு அடி, அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் வைக்காதே. நீ மூணாம் நம்பர் கேட்டுக்குப் போ, வண்டி வந்தா கையைக் காட்டிக் கூட்டிட்டு வா. நீங்க ரெண்டு பேரு சட்டையைக் கழட்டி நிழலுக்குத் தூக்குங்க. கேன்டீன்ல டின் பானம் வைக்கிற பெட்டியில இருந்த ஐஸை அள்ளிட்டு வரச் சொல்லி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வச்சோம். மேல தண்ணியை ஊத்தி அட்டைப் பெட்டியால விசிறினோம். இதுக்கு நடுவுல ஒருத்தன் பாட்டிலோட வந்து அவன் வாயில தண்ணி ஊத்தப் பாக்குறான். ரெண்டு தடவை தள்ளிவிட்டேன், மூணாவது தடவையும் வர்றான். அவனோட அறைக்காரன், பாசம். அரை நினைவுல இருக்கிறவன் வாயில ஊத்தினா நுரையீரலுக்குத்தான் போகும், இதை அந்த நேரத்துல எங்க உக்காந்து விளக்குறது? ஒரு குடையைக் கையில குடுத்து, "அவன் முகத்துல வெயில் படாமப் பிடி, இதை உன்னை விட்டா யாரும் ஒழுங்காச் செய்ய மாட்டான்"னேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கல்லு மாதிரி நின்னான். நிழல்ல குடை பிடிச்சுக்கிட்டு!

2023லேருந்து மனிதவள அமைச்சு விதிப்படி வெயிலும் புழுக்கமும் சேர்ந்த அளவு 32 டிகிரியைத் தொட்டா, கடினமான வேலை செய்றவங்களுக்கு மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு குடுக்கணும். அந்த மீட்டரைப் பாக்குறதும் முதலுதவிதான்னு நான் சொல்லுவேன். சேஃப்டிக்காரன் புத்தி, விடுங்க.

இன்னொண்ணு, சிபிஆர் பத்தி, அதான் இதயம் நின்னா மார்பை அழுத்துறது. நிமிஷத்துக்கு 100லேருந்து 120 அழுத்தம், அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தமிழ்ல எண்ணினா ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. "ஒண்ணு, ரெண்டு, மூணு" வேகமா வரும். "இருபத்தாறு, இருபத்தேழு"ன்னு வரும்போது வாயும் நீளும், கையும் மெதுவாயிரும். டார்மிட்டரியில பழகும்போதுதான் கண்டுபிடிச்சோம். பத்து வரைக்கும் மூணு தடவை எண்ணுங்க. முப்பது ஆயிரும், வேகமும் குறையாது.

போன வருஷம் தஞ்சோங் காத்தோங் ரோட்டுல பள்ளம் விழுந்து ஒரு அம்மா காரோட உள்ள போனாங்களே, 2025 ஜூலை 26, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பக்கத்து சைட்ல இருந்த நம்ம ஆளுங்க ஏழு பேர் கயிறு போட்டு மேல இழுத்தாங்க. அவங்களுக்கு ஃபோர்மேன் தமிழ்நாட்டுக்காரர்தான். அமைச்சு நாணயம் குடுத்துப் பாராட்டுச்சு. எல்லாரும் வீரம் வீரம்னாங்க. எனக்குப் பிடிச்சது, யாரும் பள்ளத்துக்குள்ள குதிக்கலங்கிறதுதான். இளகின மண்ணு, உள்ள தண்ணி. மேலயே நின்னு கயிறு போட்டாங்க. நானா இருந்தா, 2009ல, கண்டிப்பாக் குதிச்சிருப்பேன்.

நைட்_ஷிப்ட்:

அண்ணன் சொன்னதை ஒரு தாதியாக அப்படியே வழிமொழிகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அவசரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், நல்ல முதலுதவியாளர் கூட வந்த கேஸ் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும். கட்டு அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நேரம் தெரிந்திருக்கும். "3:10க்கு விழுந்தார், 3:12க்கு அழுத்த ஆரம்பித்தோம், ஏஇடி ஒருமுறை அதிர்வு கொடுத்தது" (ஏஇடி என்பது நின்ற இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி) என்று கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்த ஒரு பாதுகாவலரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பக்கவாதத்தில் இது உயிர்நாடி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது எப்போதிலிருந்து? கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. "காலையில் எழுந்தபோதே வாய் கோணியிருந்தது" என்றால் எங்களுக்குப் போதாது. ராத்திரி கழிவறைக்குப் போக எழுந்தாரா, அப்போது யாரிடமாவது பேசினாரா? அதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர் பாதி மருத்துவர். அப்புறம், தயவுசெய்து பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கொடுத்த மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். "வெள்ளை மாத்திரை, வட்டமா இருக்கும்" என்று சொன்னால் நாங்கள் என்ன செய்ய?

ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. விழுந்தவர் கரையில் போட்ட மீன் மாதிரி எப்போதாவது வாயைத் திறந்து திறந்து மூடுவார், கர்கர்ரென்று ஒரு சத்தம் வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சுற்றி நிற்பார்கள். அது மூச்சு இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, சீரான மூச்சு இல்லை என்றால் மார்பை அழுத்த ஆரம்பியுங்கள். 995இல் பேசுகிறவர் எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுப்பார், ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும், ஆம்புலன்ஸ் வர பத்து நிமிடம் ஆகலாம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் பிரிவில்தானே இருக்கிறீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஏஇடி இருக்கிறது. உங்கள் புளோக்கில் இருக்கிறதா, அடுத்த புளோக்கிலா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். மைரெஸ்பாண்டர் செயலியையும் இறக்கி வையுங்கள், 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றால் உங்களுக்கு அழைப்பு வரும்.

நம் வீடுகளில் மட்டும் நடப்பது ஒன்று. விழுந்தது பெண் என்றால், சுற்றி நிற்கும் ஆண்கள் ரவிக்கையில் கை வைக்கத் தயங்குகிறார்கள். பெண்கள் "யாராவது நர்ஸ் வரட்டும்" என்கிறார்கள். ஏஇடி ஒட்டுப்பட்டை வெற்றுத் தோலில்தான் ஒட்ட வேண்டும், ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. சேலைத் தலைப்பை இரண்டு பெண்கள் பிடித்து மறைத்துக்கொண்டால் போதும். கத்தரிக்கோலால் துணியை வெட்டுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டாம், பட்டையின் மேல் படாமல் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும். "தாலியைத் தொடாதே" என்று ஒரு பாட்டி சண்டை போட்டதில் நேரம் போன கேஸ் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலே எழுத மனம் வரவில்லை.

ஈசூன்_அம்மா:

நான் முதலுதவி படித்தவள் இல்லை. வாங்கியவள்.

என் மகனுக்கு 17 வயது. வலிப்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் தேக்காவில், பேருந்து நிறுத்தத்தில் விழுந்தான். நான் காய்கறிப் பையோடு பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். நான் போவதற்குள் ஒருவர் வீட்டுச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துவிட்டார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஊரில் சொல்வதுதான். விரல் இறுகி சாவி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொருவர் நாக்கைக் கடித்துவிடப் போகிறான் என்று கரண்டி தேடினார். மூன்று பேர் போனில் படம் எடுத்தார்கள்.

ஒரு இளம்பெண், அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள், வந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது, என் பிள்ளை துடிக்கிறான், இவள் மணி பார்க்கிறாளே என்று. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பதற்காகத்தான் பார்த்தாள் என்று பிறகு புரிந்தது. அவன் தலைக்குக் கீழே தன் பையை வைத்தாள். கையைக் காலைப் பிடிக்கவில்லை. கரண்டிக்காரரிடம், "சார், கூட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி நிக்க வைங்க, முதுகைக் காட்டி" என்றாள். அவரும் போலீஸ்காரர் மாதிரி நிறுத்தினார்! துடிப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தாள்.

அவனுக்கு உடை நனைந்துவிட்டது. அவன் கண் திறப்பதற்கு முன்பே தன் ஜாக்கெட்டை அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கண் திறந்ததும், "தம்பி, உனக்கு வலிப்பு வந்துச்சு, முடிஞ்சிருச்சு. இது தேக்கா. மணி அஞ்சே கால். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க" என்றாள். இரண்டு முறை, அதே வார்த்தையில், அதே குரலில்.

மற்றவையெல்லாம் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அந்த "மணி அஞ்சே கால்" மட்டும் அவனுக்கே ஞாபகம் இருக்கிறது. ஜாக்கெட் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

கிளமெண்டி_ராஜா:

சரி, பிறவித் தைரியம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கம்பி அண்ணே, நிழலில் குடை பிடிக்க வைத்தது கொஞ்சம் ஓவர்.

கம்பிக்கட்டி:

அந்தப் பையன் இன்னைக்கும் அதைப் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுறான் ராஜா. கெடுத்துடாதீங்க.

துவாஸ்_கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. ஈசூன் அம்மா, உங்கள் பதிலை எம்ஆர்டி ரயிலில் படித்தேன். பூன் லேயில் இறங்க வேண்டியவள் லேக்சைடு வரைக்கும் போய்விட்டேன்.

பெயரை எடுக்கச் சொல்லவில்லை. மேலாளரிடம் பாயையும் வகுப்புக்கு அனுப்பச் சொன்னேன், "பார்க்கலாம்" என்றார், அதாவது இரண்டு முறையாவது நினைவூட்ட வேண்டும். இன்று சாப்பாட்டு நேரத்தில் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் நின்றதே ஞாபகம் இல்லை. "நீதானே என் மனைவிக்கு போன் பண்ணினாய்?" என்றார். பண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது.

லோடிங் பேயில் மூன்று வாசல். எந்த வாசலுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நாளை அதை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். கையுறை அளவு பெரிது, சின்னதாக ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்க்கிறேன், அம்மா விநோதமாகப் பார்க்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். பச்சைப் பெட்டி மூடி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கம்பிக்கட்டி:

வேற பெட்டி கேளுங்க தங்கச்சி.